புகைப்பட மன்றப் போட்டிக்குப் படம் அனுப்புவது எப்படி: விதித்தாளிலிருந்து உரை மேடை வரை

மன்றத்தில் புதிதாகச் சேர்ந்து முதல் போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது படம் எடுப்பதில் அல்ல, வேலைகளின் வரிசையில்தான். முதலில் படத்தைத் திருத்தி முடிக்கிறார்கள். பிறகு அளவைச் சுருக்குகிறார்கள். கடைசி நாளில் விதிகளைத் திறந்து பார்க்கும்போதுதான், அந்தப் பிரிவில் அந்தத் திருத்தத்துக்கே இடமில்லை என்று தெரியவருகிறது.

போட்டிக்கு வரும் படங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். நல்ல படம் ஒன்று நடுவர் கண்ணில் படாமலே திரும்பிப் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டி. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்; ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையானதைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும்.

தொடங்கும் முன் நான்கு பொருள்கள் இருக்க வேண்டும்: மன்றத்தின் இந்த ஆண்டு விதித்தாள், நிகழ்ச்சி அட்டவணை, உங்கள் படங்களின் திருத்தப்படாத மூலக் கோப்புகள், குறிப்பேடு.

1. விதித்தாளைப் படித்து ஐந்து விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்

மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் நினைவில் நிற்காது. இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடையை எழுதி வையுங்கள்: எந்தெந்தப் பிரிவுகள் உள்ளன? ஒருவர் எத்தனை படம் தரலாம்? திரையிடும் படத்தின் அளவு எத்தனை பிக்சல்? கடைசி நாள் எது? முன்பு கலந்துகொண்ட படத்தை மீண்டும் தரலாமா?

ஐந்தாவது கேள்வியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஒரே படத்தின் வண்ண வடிவத்தை ஒரு போட்டிக்கும் கறுப்பு வெள்ளை வடிவத்தை இன்னொரு போட்டிக்கும் அனுப்புகிறார்கள். பல மன்றங்களில் இவை இரண்டும் ஒரே படமாகவே கருதப்படும். தலைப்பை மாற்றினாலும் நிலைமை மாறாது.

போன ஆண்டு விதித்தாளை நம்ப வேண்டாம். புரொஜெக்டர் மாறினால் பிக்சல் அளவும் மாறும்.

2. படம் தருவதற்கு முன் ஓர் உரைக்கும் ஒரு தீர்ப்புக் கூட்டத்துக்கும் போங்கள்

உரை நிகழ்ச்சிகளைப் பலர் ஓய்வு மாலைகளாக நினைத்துத் தவிர்த்துவிட்டுப் போட்டி நாளில் மட்டும் வருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. போட்டியில் ஒரு படம் திரையில் நிற்பது ஓரிரு நிமிடம். உரையில், ஒரே மனிதர் ஒரே பொருளைப் பல கோணங்களில் துரத்தியதை ஒரு மாலை முழுவதும் பார்க்கலாம். படத் தேர்வு என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

உரையாளரிடம் லென்ஸ் எது, கேமரா எது என்று கேட்பதால் பயன் குறைவு. "இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவை எப்படி இருந்தன? இதை மட்டும் ஏன் வைத்துக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். அந்த விடை நாளை உங்கள் படங்களுக்கும் பொருந்தும்.

தீர்ப்புக் கூட்டத்தில் வேறு பயிற்சி இருக்கிறது. ஒவ்வொரு படமும் திரைக்கு வந்ததும், நடுவர் பேசும் முன், உங்கள் மதிப்பெண்ணை எழுதிவிடுங்கள். சில மன்றங்களில் பத்துக்கு, சில மன்றங்களில் இருபதுக்கு மதிப்பெண் தருவார்கள். எண் வேறுபடுவது பெரிதல்ல. நீங்கள் உயர்வாக நினைத்த படத்தை நடுவர் எந்த இடத்தில் தாழ்த்தினார், எந்தச் சொல்லால் தாழ்த்தினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வெள்ளையாய் வெளுத்த வானம், தலைக்குப் பின்னால் முளைத்த கம்பம், கூர்மை தவறிய கண் ஆகியவை திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

3. பிரிவைத் தீர்மானியுங்கள், திருத்தம் அதற்குப் பிறகுதான்

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைப் பிரிவுதான் முடிவு செய்கிறது. திருத்திய பிறகு பிரிவைத் தேடினால் மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

பொதுப் பிரிவு தாராளமானது. படங்களை இணைக்கலாம், தேவையற்றதை நீக்கலாம், வண்ணத்தை மாற்றலாம். ஒரே நிபந்தனை, எல்லாப் பகுதிகளும் நீங்களே எடுத்தவையாக இருக்க வேண்டும். மென்பொருளோடு வரும் ஆயத்த வானத்தை ஒட்டினால் அது வேறொருவர் எடுத்த படம். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பகுதிக்கும் இதே விதிதான். ஓரத்தை நீட்டி நிரப்பும் கருவியைப் பலர் யோசிக்காமல் பயன்படுத்துகிறார்கள். அது நிரப்பும் பகுதி உங்கள் கேமரா கண்டதல்ல. மூலக் கோப்பைக் காட்டுங்கள் என்று மன்றம் கேட்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

ஒருநிறப் பிரிவில் அடிக்கடி எழும் ஐயம் செபியா எனப்படும் பழுப்புச் சாயல் பற்றியது. ஃபியாப் எனப்படும் சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பின் வரையறைப்படி, படம் முழுவதும் ஒரே நிறச் சாயல் ஏற்றினால் அது ஒருநிறப் படமே. ஒரு பகுதிக்கு மட்டும் சாயல் ஏற்றினாலோ, கறுப்பு வெள்ளையில் ஒரேயொரு சிவப்புக் குடையை விட்டுவைத்தாலோ அது வண்ணப் படமாகிவிடும்.

இயற்கைப் பிரிவில்தான் அதிகப் படங்கள் வீழ்கின்றன. ஃபியாப், அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் ஒளிப்படச் சங்கம் ஆகிய மூன்றும் பொதுவாக ஏற்ற வரையறை ஒன்று உண்டு. பல மன்றங்கள் அதையே பின்பற்றுகின்றன. அதன்படி படத்தை வெட்டலாம். சென்சார் தூசி, டிஜிட்டல் இரைச்சல் போல கேமராவால் வந்தவற்றை நீக்கலாம். பல குவியங்களில் எடுத்த அதே காட்சியை ஒன்றாகச் சேர்க்கலாம். படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக மாற்றலாம். ஆனால் பறவையின் முன்னே குறுக்கிடும் குச்சியை அழிக்கக் கூடாது. பல படங்களை ஒட்டி அகலப்படுத்தக் கூடாது. வளர்ப்பு விலங்குகளுக்கும் தோட்டத்தில் வளர்த்த கலப்பினச் செடிகளுக்கும் அங்கே இடமில்லை.

வீட்டுச் செம்பருத்தி எவ்வளவு அழகாக அமைந்தாலும் அதைப் பொதுப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கே அதற்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது. இயற்கைப் பிரிவில் மதிப்பெண்ணே கிடைக்காமல் போகலாம்.

4. படத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படிக்கு மட்டுமே நேரம் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் அனுமதித்த எண்ணிக்கையைப்போல் ஐந்து மடங்கு படங்களை ஒரு கோப்புறையில் போடுங்கள். பிறகு சில நாள் திறக்காதீர்கள். எடுத்த நாளின் மகிழ்ச்சியும் அலைச்சலும் நம் கண்ணை மறைக்கும். மலையேறி விடியலுக்குக் காத்திருந்தது உங்களுக்குத் தெரியும், நடுவருக்குத் தெரியாது. அவர் முன் இருப்பது சட்டத்துக்குள் இருப்பது மட்டுமே.

மீண்டும் திறக்கும்போது எல்லாப் படங்களையும் சிறு முன்தோற்றங்களாக ஒரே திரையில் பாருங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான நடுவர்கள் முதலில் எல்லாப் படங்களையும் ஒரு சுற்று வேகமாகப் பார்த்துவிட்டுத்தான் விரிவாகப் பேசத் தொடங்குகிறார்கள். அந்த முதல் சுற்றில் கண்ணை நிறுத்தும் படம், சிறு முன்தோற்றமாக இருக்கும்போதும் உருவம் தெளிந்து நிற்கும்.

அடுத்து ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கூர்மையைச் சோதியுங்கள். உயிருள்ள பொருளானால் கண்ணில் கூர்மை இருக்க வேண்டும். வேண்டுமென்றே கலங்கலாக எடுத்த படத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தக் கலங்கல் வேண்டுமென்று செய்ததாகத் தெரிய வேண்டும். பாதிக் கலங்கலைத் தவறு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வெளிச்சமான பொட்டு, பாதி வெட்டுப்பட்ட கை, உள்ளே நீளும் கிளை எதுவானாலும் கண்ணை வெளியே இழுத்துவிடும். புதியவர்கள் நடுவில் இருக்கும் பொருளையே பார்த்துக்கொண்டிருப்பதால் இது தப்பிவிடுகிறது.

கடைசியாக, படம் எடுத்த கதையைச் சொல்லாமல் ஒருவரிடம் காட்டி, "முதலில் கண் எங்கே போகிறது?" என்று மட்டும் கேளுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் அன்பு காரணமாக ஆம் என்பார்கள். இந்தக் கேள்விக்கு அன்பு குறுக்கே வராது.

வரப்போகும் நடுவருக்கு எது பிடிக்கும் என்று விசாரித்து அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கிறவர்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நிலக்காட்சி எடுக்கும் நடுவர்தான் நிலக்காட்சியில் மிகக் கறாராக இருப்பார்.

5. பிரிவின் எல்லைக்குள் திருத்துங்கள்

முதலில் தொடுவானத்தை நேராக்குங்கள், பிறகு வெட்டுங்கள், அதன்பின் வெளிச்சம், வண்ணம். வெளியே போகப்போகும் வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைச் சரிசெய்வது வீண் உழைப்பு என்பதால் இந்த வரிசை.

திரையின் பிரகாசத்தைக் குறைத்துவிட்டு வேலை செய்யுங்கள். பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளப்பார்கள்; புதிய கணினித் திரைகள் பல முழுப் பிரகாசத்தில் 250-ஐயும் தாண்டும். படம் திருத்த 80 முதல் 120 வரை போதும். பளிச்சிடும் திரையில் சரியாகத் தெரியும் படம் அச்சில் இருண்டுபோகும். "லேப் கெடுத்துவிட்டது" என்ற புகார்களில் பலவற்றுக்கு மூலம் வீட்டுத் திரைதான்.

செறிவையும் தெளிவையும் கூட்டும் பட்டைகளை நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்திவிட்டு, அதில் பாதிக்குத் திரும்பி வாருங்கள். பெரிய திரையில் மிகை இன்னும் மிகையாகத் தெரியும். மரங்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு படர்ந்திருந்தால் நடுவர் முதலில் அதைத்தான் சொல்வார்.

6. திரையிடும் கோப்பைத் தயாரியுங்கள்

திருத்திய முழு அளவுக் கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, அதன் நகலில் மட்டும் இந்தப் படியைச் செய்யுங்கள். சுருக்கியதை முழு அளவுக் கோப்பின் மீதே சேமித்துவிட்டால், பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட முடியாது.

மன்றம் சொல்லும் பிக்சல் அளவு ஒரு பெட்டி. படம் அதற்குள் அடங்க வேண்டும். அதை நிரப்ப வேண்டியதில்லை. பெட்டி 1600 × 1200 என்றால், மூன்றுக்கு இரண்டு விகிதத்தில் உள்ள கிடைப்படம் 1600 × 1067 ஆகும். அதே விகிதத்தில் நெடும்படம் 800 × 1200தான். பெட்டி 1920 × 1080 என்றால் கிடைப்படம் 1620 × 1080, நெடும்படம் 720 × 1080.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது தேர்வுக்கும் உதவும். 1920 × 1080 பெட்டியில் நெடும்படம் கிடைப்படத்தின் பரப்பில் பாதிகூட வராது. நுணுக்கமான விவரங்களை நம்பி நிற்கும் நெடும்படத்தை அச்சுப் போட்டிக்கு ஒதுக்குங்கள். எளிய, வலுவான உருவம் கொண்ட நெடும்படத்தைத் திரைக்கு அனுப்புங்கள். நெடும்படத்தின் அகலத்தை 1600 ஆக்கி அனுப்புவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அதன் உயரம் பெட்டியைத் தாண்டிவிடும்.

வண்ணவெளி, அதாவது கோப்பில் அடங்கும் நிறங்களின் எல்லை, எஸ்ஆர்ஜிபி ஆக இருக்க வேண்டும். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த கோப்பை, வண்ணத்தைச் சரியாகக் கையாளாத மென்பொருள் திரையிட்டால் நிறங்கள் மங்கிவிடும். பல புதிய கைபேசிகள் டிஸ்பிளே பி3 வண்ணவெளியில், எச்இஐசி வடிவத்தில் சேமிக்கின்றன. ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் என்ற இரண்டையும் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீரும்.

கூர்மையாக்கும் வேலை அளவைச் சுருக்கிய பிறகு, கடைசியில். சுருக்கும்போது நுண்விவரங்கள் கொஞ்சம் மழுங்கும். முன்பே கூர்மையாக்கினால் அந்த உழைப்பும் சேர்ந்து கரையும்.

இருண்ட விளிம்புள்ள படம் கறுப்புத் திரையில் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஒன்று அல்லது இரண்டு பிக்சல் தடிமனில் சாம்பல் கோடு ஒன்றைச் சுற்றி இடுங்கள், விதி அனுமதித்தால். அதற்கு மேல் தடித்த சட்டங்கள், நிழல் விளிம்புகள் வேண்டாம். உங்கள் பெயர், கையெழுத்து, வாட்டர்மார்க் எதுவும் படத்தின் மேல் இருக்கக் கூடாது. யார் எடுத்தது என்று தெரியாமல் தீர்ப்பு நடக்க வேண்டும் என்பதுதான் போட்டியின் அடிப்படை.

7. அச்சுப் படம் என்றால்

அச்சுக்கு இரு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் அச்சு பெரும்பாலும் கொஞ்சம் இருட்டாக வரும். திருத்தி மறுபடி அச்சிட நேரம் வேண்டும்.

ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் ஏ4 தாளுக்கு 2480 × 3508 பிக்சலும் ஏ3 தாளுக்கு 3508 × 4961 பிக்சலும் தேவை. அதிகம் வெட்டிய படத்தில் இவ்வளவு மீதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சிறிய அச்சாக எடுங்கள். சிறிய, நல்ல அச்சு பெரிய, கலங்கிய அச்சை வெல்வதைப் பார்த்திருக்கிறேன்.

மவுண்ட் அட்டையின், அதாவது அச்சைச் சுற்றிச் சட்டம்போல் நிற்கும் தடித்த அட்டையின், வெளி அளவு மன்றம் சொல்வதுதான். பல மன்றங்களில் 50 × 40 செ.மீ. ஜன்னல் திறப்பைப் படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் சில மில்லிமீட்டர் சிறிதாக வெட்டுங்கள், விளிம்பு தாளின் மேல் படிந்து பிடிக்கும். அட்டையின் நிறம் வெள்ளையோ கறுப்போ போதும். வண்ண அட்டை படத்தோடு போட்டி போடும்.

பின்புறத்தில் ஒட்டும் நாடாவின் பசை வெளியே தெரியக் கூடாது. படங்களை அடுக்கி வைக்கும்போது அது அடுத்தவரின் அச்சில் ஒட்டிக் கிழித்துவிடும். தலைப்பு, பிரிவு, மேல்புறத்தைக் காட்டும் அம்புக்குறி ஆகியவற்றைப் பின்னால் எழுதுங்கள். அருவமான படங்களைத் தலைகீழாக வைத்துத் தீர்ப்பளிக்கும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது.

8. தலைப்பு, கோப்புப் பெயர், அனுப்புதல்

பல மன்றங்களில் படத்தின் தலைப்பைத்தான் முதலில் உரக்கப் படிப்பார்கள். நடுவர் அந்தச் சொல்லோடுதான் படத்துக்குள் நுழைவார். "தனிமை" என்று வைத்துவிட்டுப் பின்னணியில் இருவர் நடந்துபோனால், அந்த இருவர் குறையாகத் தெரிவார்கள். "காலை நடை" என்றிருந்தால் அதே இருவர் படத்தின் பகுதியாகிவிடுவார்கள். ஐயமிருந்தால் படத்தில் இருப்பதை எளிமையாகச் சொல்லுங்கள். இயற்கைப் பிரிவில் உயிரினத்தின் சரியான பெயரே நல்ல தலைப்பு.

கோப்புப் பெயரை விதித்தாளில் உள்ளபடியே, கோடு, இடைவெளி உட்பட, எழுதுங்கள். பல மன்றங்களில் மென்பொருளே பெயரைப் பிரித்துப் படிக்கிறது. ஒரு குறியீடு மாறினால் உங்கள் படம் வேறொருவர் பெயரில் சேரலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம். அது கோப்பைச் சுருக்கிவிடும். மின்னஞ்சலிலோ மன்றத்தின் பதிவேற்றப் பக்கத்திலோ அனுப்புங்கள். அனுப்பிய கோப்பையே மீண்டும் இறக்கித் திறந்து பாருங்கள்: அளவு சரியா, நெடும்படம் படுத்துக் கிடக்கிறதா? கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு அனுப்பினால், தவறு இருந்தாலும் பொறுப்பாளர் உங்களிடம் சொல்ல அவகாசம் இருக்கும். கடைசி மணியில் வரும் கோப்பைத் திருத்தித் தர எங்களால் முடியாது.

9. தீர்ப்பு மாலையில்

உங்கள் படம் திரைக்கு வந்தால் அமைதியாக இருங்கள். விளக்கம் சொல்ல எழ வேண்டாம். 60 படங்களுக்கு 90 நிமிடம் என்றால் ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம்தான். அதற்குள் நடுவர் ஒன்றோ இரண்டோ கருத்துதான் சொல்ல முடியும்.

அந்தக் கருத்தைச் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். மதிப்பெண்ணை மட்டும் எழுதி வைப்பவர்கள் அடுத்த மாதம் எதையும் மாற்ற முடியாமல் தவிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, அந்தக் குறிப்பைப் படத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். ஒரே குறையை இரண்டு வெவ்வேறு நடுவர்கள் சொன்னால் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை ஏற்பதும் விடுவதும் உங்கள் உரிமை.

மற்றவர்களின் படங்களுக்கு வரும் கருத்துகளையும் எழுதுங்கள். அங்கே மனம் புண்படுவதில்லை என்பதால் பாடம் இன்னும் தெளிவாக ஏறும்.

10. நீங்கள் உரை நிகழ்த்த அழைக்கப்பட்டால்

ஒரு பருவம் போட்டிகளில் கலந்துகொண்டவரைச் சிற்றுரைக்கு அழைப்பது பல மன்றங்களின் வழக்கம். மறுக்காதீர்கள். மற்றவர்களுக்கு விளக்கும்போதுதான், ஏன் அந்த இடத்தில் நின்று எடுத்தோம் என்பது நமக்கே பிடிபடும்.

ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு இடம், ஒரு உயிரினம் அல்லது ஒரு ஒளி. "என் சிறந்த படங்கள்" என்ற உரை, தொடர்பில்லாத படங்களின் வரிசையாகிக் களைப்பூட்டும். இருபது நிமிடத்துக்கு 40 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கிடைக்கும். அதற்கு மேல் சேர்க்க வேண்டாம்.

வெற்றிபெற்ற படத்தோடு அதற்கு முன் எடுத்த, சரியாக வராத படங்களையும் காட்டுங்கள். புதியவர்கள் அதிகம் கற்பது அந்த இடைவெளியில்தான். திரையில் தெரிவதையே வாயால் சொல்ல வேண்டியதில்லை, தெரியாததைச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது, ஏன் இரண்டடி தள்ளி நின்றீர்கள் என்பவை போல.

படங்களை மன்றப் புரொஜெக்டரின் அளவிலேயே எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கோப்புகளாக்கி, எண் வரிசையில் பெயரிட்டு, பென் டிரைவில் தனி நகலும் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலும் முடிவிலும் முழுக் கறுப்புப் படம் ஒன்றைச் சேருங்கள். பேசத் தொடங்கும் முன் படம் தெரிந்துவிடாது, முடித்ததும் கணினியின் முகப்புத் திரை பளிச்சிடாது. அரங்குக்கு அரை மணி நேரம் முன்பே போய், கேபிள் பொருந்துகிறதா, கடைசி வரிசையில் குரல் கேட்கிறதா, இருண்ட படத்தின் நிழல் விவரங்கள் தெரிகின்றனவா என்று மூன்றையும் சோதியுங்கள். மூன்றாவது சரியில்லையென்றால் புரொஜெக்டரைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் அரங்கின் முன்வரிசை விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள்; பெரும்பாலும் அதுவே போதும்.